பெட்ரோல் வாடை வருகிறதா?

காய்கறி, பால் கேன், சிமெண்ட் மூட்டை ஏற்றிச் செல்லும் சிறிய சரக்கு வண்டிகளை ஊர்தோறும் பார்க்கிறோம். இவற்றில் பல டீசலில் ஓடுகின்றன. பெட்ரோலில் ஓடுபவையும் உண்டு. டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி வண்டிகளில் பெட்ரோல் வகை இருக்கிறது.

“பெட்ரோல் வண்டி என்றால் வாடை வரத்தானே செய்யும்?” என்று சிலர் கேட்பார்கள். அது தவறு. நல்ல நிலையில் உள்ள வண்டியில் பெட்ரோல் வாடை வராது. வாடை வந்தால் எங்கோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

வாடை ஏன் ஆபத்து?

பெட்ரோல் மிக எளிதில் ஆவியாகும். அந்த ஆவிதான் முதலில் தீப்பிடிக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது. தண்ணீர் போலத் தரையில் பரவும். பள்ளத்தில் தங்கும். சற்றுத் தள்ளி இருக்கும் அடுப்பு, விளக்கு, பீடி நெருப்பு எதுவானாலும் அதைத் தீப்பற்ற வைக்கும்.

இந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் தலைவலி, மயக்கம் வரும். பெட்ரோலில் பென்சீன் என்னும் நச்சுப் பொருள் உண்டு. அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது.

முதலில் என்ன செய்வது?

1. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்குங்கள்.
2. கொட்டகையில் நிற்கும் வண்டியில் வாடை வந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். சிறு பொறியே போதும். நியூட்ரலில் போட்டு வெளியே தள்ளுங்கள்.
3. அருகில் பீடி, அடுப்பு, விளக்கு வேண்டாம்.
4. தீக்குச்சி கொளுத்தித் தேடவே கூடாது. பேட்டரி டார்ச்சைத் தூரத்திலேயே போட்டுக்கொண்டு வாருங்கள்.
5. என்ஜின் ஆறட்டும். பிறகு பாருங்கள்.

வாடை எப்போது வருகிறது?

வாடை வரும் நேரத்தைக் கவனியுங்கள். கோளாறு எங்கே என்பதை அது காட்டிக் கொடுக்கும்.

பெட்ரோல் போட்டவுடன் வந்தால்: டேங்க் மூடியைப் பாருங்கள். உள்ளே ரப்பர் வளையம் இருக்கும். அது வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். பங்கில் பெட்ரோல் போடும்போது குழாய் ‘டக்’ என்று தானாக நிற்கும். அதற்கு மேல் ஊற்றச் சொல்லாதீர்கள். டேங்கில் ஆவிக்கும் இடம் வேண்டும். அந்த ஆவியைப் பிடித்து வைக்க ஒரு கரிப் பெட்டி உண்டு. அதற்குள் பெட்ரோலே புகுந்துவிட்டால் பெட்டி கெட்டுவிடும்.

நிற்கும்போதே வந்தால்: டேங்க் அல்லது டியூப் கசியலாம். வெளியில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரியுங்கள். கறை விழும் இடத்துக்கு நேர் மேலே தேடுங்கள். பெட்ரோல் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் வெள்ளைத் துணியால் டியூபைத் துடைத்து முகர்ந்து பாருங்கள். கிளிப் போட்ட இடத்திலும் டியூப் வளையும் இடத்திலும் வெடிப்பு வரும்.

ஓடும்போது மட்டும் வந்தால்: இன்றைய வண்டிகளில் பம்பு பெட்ரோலை மிக அழுத்தமாகத் தள்ளுகிறது. நிற்கும்போது கசியாத இடம் ஓடும்போது பீறிடும். சூடான என்ஜின் பக்கத்திலேயே இருக்கிறது. எனவே இந்த வண்டியை ஓட்டாதீர்கள். டியூபைக் கழற்றாதீர்கள். மெக்கானிக்கை அழையுங்கள். பழைய வண்டி என்றால் கார்புரேட்டரில் தூசி அடைத்து பெட்ரோல் வழியலாம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

புகைக் குழாயில் வந்தால்: பெட்ரோல் முழுதாக எரியவில்லை. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டியூப் மாற்றும்போது

தண்ணீர் டியூபை வெட்டிப் போடக் கூடாது. பெட்ரோல் அதை இளக்கிவிடும். கம்பியால் கட்டுவதும் கூடாது. பெட்ரோலுக்கென்றே செய்த டியூபும் புதிய கிளிப்பும் கேட்டு வாங்குங்கள். 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்கப்படுகிறது. பழைய வண்டிகளில் உள்ள சில ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. “எத்தனால் பெட்ரோலைத் தாங்குமா?” என்று கடையில் கேளுங்கள்.

டேங்க் ஓட்டையானால் சிலர் சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். அதை நம்பி வண்டியை ஓட்டக் கூடாது. “காலி டேங்க் தானே” என்று வெல்டிங் வைப்பது பேராபத்து. பெட்ரோல் தீர்ந்தாலும் ஆவி உள்ளே நிற்கும். ஒரு பொறி பட்டால் டேங்க் வெடிக்கும்.

தீப்பிடித்தால்?

தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். தீயும் கூடவே பரவும். சிறு தீ என்றால் மணலைக் கொட்டுங்கள், அல்லது பவுடர் தீயணைப்பானை அடியுங்கள். பெரிய தீ என்றால் விலகி ஓடுங்கள். 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நீங்களே கணக்குப் போடுங்கள்

ஒரு டியூபில் மணிக்கு 50 மில்லி பெட்ரோல் கசிகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு?
50 x 24 = 1200 மில்லி. அதாவது 1 லிட்டர் 200 மில்லி.
இதை உங்கள் ஊர் பெட்ரோல் விலையால் பெருக்குங்கள். மாதத்துக்கு எவ்வளவு என்றும் பாருங்கள். புது டியூபின் விலை என்ன? எது அதிகம்?

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நாள்தோறும் வாடையிலேயே இருந்தால் மூக்குக்கு அது பழகிவிடும். பிறகு வாடையே தெரியாது. ஆகவே வெளியிலிருந்து வருபவர், “என்ன, பெட்ரோல் வாடை அடிக்கிறதே?” என்று கேட்டால் சிரித்துத் தள்ளாதீர்கள். அன்றைக்கே வண்டியைப் பாருங்கள்.

பேசுவோம்

1. பெட்ரோல் ஆவி ஏன் தரையில் தங்குகிறது?
2. ‘டக்’ என்று நின்ற பிறகு ஏன் பெட்ரோல் ஊற்றக் கூடாது?
3. உங்கள் ஊரில் பெட்ரோலை எங்கெங்கே வைத்திருக்கிறார்கள்? அருகில் நெருப்பு உண்டா?