ஊர்ச் சபையும் ஊர்க் கல்வெட்டும்: குமரி மாவட்டத்துக் குகைகள், கோயில்கள், கோட்டைகள்

கன்னியாகுமரி என்றவுடன் வெளியூர் மக்களின் நினைவுக்கு வருவன முக்கடல் கூடும் துறையும், 1970ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விவேகானந்தர் பாறை மண்டபமும், 2000ஆம் ஆண்டின் முதல் நாளன்று திறந்துவைக்கப்பெற்ற 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையுமே ஆகும். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் இவற்றைக் கண்டு மகிழ்கின்றனர். ஆயின் அவர்களுள் மிகப் பலர் கடற்கரையைக் கண்டதோடு திரும்பிவிடுகின்றனர். கரையிலிருந்து சில மைல் உள்ளே சென்றால், வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் இரப்பர்த் தோட்டத்துக்கும் இடையே, ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட குகைக் கோயில்களும் கல்வெட்டுகளும் கோட்டைகளும் நிற்பதை அவர்கள் அறியார். அவ்வூர்களில் வாழ்வோருள்ளும் அவற்றின் பெருமையை முழுவதும் அறிந்தவர் சிலரே.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்திலிருந்து பிரிந்து தாய்த் தமிழகத்துடன் இணைந்தன. இவற்றுள் தோவாளையும் அகஸ்தீஸ்வரமுமே நெல்வளத்தால் புகழ்பெற்ற நாஞ்சில் நாடாகும். ஆய், பாண்டியர், சோழர், சேரர், வேணாட்டரசர் எனப் பல மரபினர் இச்சிறு நிலப்பரப்பை ஆண்டனர். அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் சிலவற்றை ஈண்டுக் காண்போம். அவை நம் ஊராட்சிகளுக்கு எவ்வகையில் உரியன என்பதையும் ஆராய்வோம்.

முஞ்சிறைச் சபையார் செய்த நிலமாற்றம்

விளவங்கோடு வட்டத்தில் புதுக்கடைக்கு அருகே பார்த்திவபுரம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள திருமால் கோயிலை எழுப்பியவன் கருநந்தடக்கன் என்னும் ஆய் மன்னன். இச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் திருவனந்தபுரத்து ஹஜூர்க் கச்சேரியில் இருந்தமையால் ‘ஹஜூர் அலுவலகச் செப்பேடுகள்’ எனப் பெயர் பெற்றன. அவற்றின் காலம் கலியாண்டு நாட்கணக்கில் குறிக்கப்பெற்றுள்ளது, அது கி.பி. 865-66ஆம் ஆண்டளவில் அமையும்.

கோயில் கட்டுவதற்கு மன்னன் தேர்ந்த நிலம் முஞ்சிறைச் சபையார்க்கு உரியதாக இருந்தது. நாட்டை ஆளும் அரசன் அந்நிலத்தை ஆணையிட்டு எடுத்துக்கொள்ளவில்லை. சபையாருக்கு வேறு நிலம் கொடுத்து, மாற்றாக அதனைப் பெற்றான்; அதன்பின் எல்லை வகுத்துக் கோயில் எடுத்தான்; ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டான். அத்துடன் 95 மாணாக்கர் தங்கிக் கற்பதற்குக் காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றி ஒரு சாலையும் நிறுவினான். அவ்விடங்கள் மூன்று வேதப் பிரிவினர்க்கு 45, 36, 14 எனப் பகுக்கப்பட்டன. சாலையில் சேர்வோருக்கு வேண்டிய தகுதிகளையும், ஒழுக்கம் தவறினோர்க்குரிய தண்டத்தையும் செப்பேடு வகுத்துரைக்கின்றது.

அச்சாலை வேதம் ஓதும் ஒரு பிரிவினர்க்கே உரியதாக இருந்தது என்பதை மறத்தலாகாது. இன்று ஊர்ப் பள்ளி எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்திருப்பது நம் காலத்தின் பேறாகும். எனினும், ஊர்ப் பொதுநிலம் ஊர்ச் சபையின் இசைவுடனேயே கைம்மாறவேண்டும் என்னும் நெறி ஏறத்தாழ 1,150 ஆண்டுகட்கு முன்னரே இங்கு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் பார்த்திவபுரத்தை ஒருமுறையேனும் சென்று காணவேண்டும் என்று நாம் கூறுவது இதுபற்றியே.

சிதறால் மலை

மார்த்தாண்டத்திற்கு அருகிலுள்ள சிதறால் மலையின் பழம்பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்போர் சமண முனிவர். மலையடியிலிருந்து படிப்பாதை வழியே ஏறிச் சென்றால் இயற்கையாக அமைந்த பாறைக் குடைவும், பாறை முகத்தில் வரிசையாகச் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களும் தோன்றும். ஐந்தலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதரையும், இயக்கியர் உருவங்களையும் அங்குக் காணலாம். உருவங்களின் அடியில் வட்டெழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

விக்கிரமாதித்த வரகுணன் என்னும் ஆய் மன்னனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இம்மலையில் உள்ளது. பேராயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் இங்குள்ள படாரியார்க்குப் பொன்னணி அளித்த செய்தியை அது கூறுகின்றது. குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. அதாவது பெண் ஆசிரியர். ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னர் ஒரு பெண் துறவி ஆசிரியப் பட்டத்தோடு தம் பெயரில் கொடை அளித்தார் என்பதற்கு அந்தப் பாறையே சான்று. பிற்காலத்தில் இவ்விடம் பகவதி கோயிலாயிற்று. புதிதாக வந்தோர் பழைய உருவங்களை உடைத்தெறியவில்லை. அவற்றோடு சேர்த்தே வழிபட்டனர். நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களில் இன்றும் தீர்த்தங்கரர் உருவங்கள் விளங்குவதும் இதே பெருந்தன்மையின் அடையாளமாகும்.

திருநந்திக்கரை

குலசேகரத்திற்கு அருகே திருநந்திக்கரையில், ஒரே பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயில் உள்ளது. அதன் சுவரில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த ஓவியங்களின் சிதைவுகளே இன்று எஞ்சியுள்ளன. இங்குள்ள முதலாம் இராசராச சோழனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 1003) முட்டம் என்னும் ஊருக்கு மும்முடிச்சோழநல்லூர் எனப் பெயரிட்டு, அதன் வருவாயை இக்கோயிலுக்கு அளித்ததைக் கூறுகின்றது. அரசன் பிறந்த ஐப்பசிச் சதய நாளில் விழா எடுப்பதற்காகவே அக்கொடை வழங்கப்பட்டது. இன்று தஞ்சையில் ஆண்டுதோறும் கொண்டாடப்பெறும் சதய விழாவுக்குரிய நாளை உறுதிசெய்யும் சான்றுகளுள் ஒன்று, தஞ்சைக்கு வெகு தொலைவிலுள்ள இம்மலைநாட்டுக் குகையில் கிடைத்தது. ஒரு சிற்றூரின் பாறை ஒரு பெருநாட்டின் வரலாற்றுக்கு விளக்காகும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அரண்மனையும் கோட்டையும்

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை 1795ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூரின் தலைநகரத்து மாளிகையாக இருந்தது. பெரும்பான்மையும் மரத்தால் ஆகிய அதன் மேற்கூரைகளும், கண்ணாடி போல் மின்னும் கருந்தரையும் நம் தச்சர், கொத்தர் ஆகியோரின் கைத்திறனைக் காட்டுவன. 1956ஆம் ஆண்டு எல்லைப் பிரிவினைக்குப் பின்னரும் இவ்வரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே இருந்துவருகின்றது. அதனை அடுத்துள்ள உதயகிரிக் கோட்டையை மார்த்தாண்டவர்மர் காலத்தில் வலுப்படுத்தியவர் டிலனாய். 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட இந்த ஒல்லாந்தப் படைத்தலைவர், பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி அளிப்பவரானார். 1777ஆம் ஆண்டில் மறைந்த அவரது கல்லறை கோட்டைக்குள்ளேயே உள்ளது.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் கோபுரத்தையும் இசைத் தூண்களையும் வியவாதார் இலர். அவற்றோடு மற்றொரு செய்தியையும் நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்கள் இக்கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கும் தடை இருந்தது. அத்தடையை எதிர்த்து 1926ஆம் ஆண்டில் டாக்டர் எம். இ. நாயுடு முதலியோர் இங்குச் சத்தியாக்கிரகம் நடத்தினர். 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால் திருவிதாங்கூரின் அரசுக் கோயில்களில் இந்துக்கள் யாவரும் நுழையும் உரிமை பெற்றனர். கோபுரத்தின் உயரத்தை அளந்து கூறும் நாம், அதன் வாயில் எல்லார்க்கும் திறந்த வரலாற்றையும் குழந்தைகளுக்குக் கூறவேண்டும்.

அழிவு எவ்வாறு நேர்கின்றது?

இத்தகைய செல்வங்கள் பெரும்பாலும் பகைவரால் அழிவதில்லை. நன்மை செய்வதாக எண்ணியே பலர் அவற்றை அழித்துவிடுகின்றனர். கல்வெட்டின்மீது சுண்ணாம்பு பூசுதல், வண்ணச் சாயம் அடித்தல், தூய்மை செய்வதாகக் கருதி மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைத் தேய்த்தல், பழைய கல்லைப் பெயர்த்துப் புதுப் பளிங்கு பதித்தல் ஆகியவை இவ்வகையின. எழுத்து கல்லில் சிறிதளவே ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். மேற்பரப்பு தேய்ந்தால் எழுத்தும் போம், போனது மீளாது. தீட்டிய ஓவியமோ புகைக்கும் ஈரத்திற்கும் கையின் வியர்வைக்குமே தாங்காது.

கல்வெட்டைப் படிப்பதற்குத் தீங்கற்ற முறை ஒன்றுண்டு. கல்லை நீரால் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் மெல்லத் தட்டுவர். தாள் எழுத்தின் குழிக்குள் பதியும். பின்னர் மை தோய்ந்த பொதியால் ஒற்றினால் எழுத்து வெண்மையாகவும் ஏனைய இடம் கருமையாகவும் தோன்றும். இதற்கு மசிப்படி என்று பெயர். இதனைத் தொல்லியல் துறையினரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும்.

மற்றொரு தீங்கு கல் உடைப்பது. குன்று ஒருமுறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டால் அதிலிருந்த சமணப் படுக்கையோ, சுனையோ, எழுத்தோ திரும்ப வாரா. குன்றுச் சரிவில் ஊறி இறங்கும் நீரும் குறையும். கீழேயுள்ள குளத்தை நம்பிய உழவர்க்கும் அது இழப்பேயாகும்.

சட்டம் கூறுவது

சிதறால் மலை, உதயகிரிக் கோட்டை, வட்டக்கோட்டை முதலியன மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் இவற்றைக் காக்கின்றன. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்புதல் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். சின்னத்தைச் சிதைப்போர்க்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மாநில அரசின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு.

உழவர் அறிந்திருக்கவேண்டியது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ நாணயம், சிலை, நகை முதலியன கிடைத்தால் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் கடமை. அறிவித்தவர்க்கு உரிய பங்கோ ஈடோ பெறும் வழியைச் சட்டமே வகுத்துள்ளது. மறைத்தவர் அதனை இழப்பதோடு தண்டனைக்கும் ஆளாவர்.

ஊராட்சிகள் செய்யத்தக்கன

முதலாவதாக, ஊர் எல்லைக்குள் உள்ள பழஞ்சின்னங்களைக் கணக்கெடுத்தல் வேண்டும். பெருங்கோயில்கள் மட்டுமின்றிச் சுமைதாங்கிக் கல், வழிமண்டபம், குளத்துப் படித்துறை, மடைக்கல், வயலில் சாய்ந்து கிடக்கும் எழுத்துக் கல் ஆகிய யாவும் அக்கணக்கில் இடம்பெற வேண்டும். பள்ளி ஆசிரியரும் மாணவரும் இப்பணிக்கு ஏற்றவர்கள். பட்டியலைக் கிராம சபையில் படித்துப் பதிவுசெய்து, தொல்லியல் துறைக்கு ஒரு படி அனுப்புதல் நலம்.

இரண்டாவதாக, கோயில் திருப்பணியோ குளம் தூர்வாருதலோ தொடங்குமுன், அங்கு எழுத்துள்ள கல் உண்டா என்று பார்த்தல் வேண்டும். திருப்பணிக்கு அறநிலையத் துறையின் இசைவு பெறுதலும் இன்றியமையாதது.

மூன்றாவதாக, வருவோர்க்குக் குடிநீர், கழிப்பிடம், குப்பைத் தொட்டி, வழிகாட்டிப் பலகை ஆகியவற்றை அமைத்தல் வேண்டும். இவை சின்னத்தை ஒட்டியன்றிச் சற்று எட்டியே இருத்தல் வேண்டும். உள்ளூர் இளைஞர் சிலர்க்கு வரலாற்றைக் கற்பித்து வழிகாட்டிகளாக்கினால் அவர்கட்கு வருவாயும், வருவோர்க்கு மெய்யான செய்தியும் கிடைக்கும். மகளிர் குழுவினர் இளநீர், பனங்கற்கண்டு, வாழைப்பழ வற்றல் முதலிய உள்ளூர்ப் பொருள்களை விற்கலாம். கடற்கரையில் மட்டும் தேங்கும் பயணிகள் உள்ளூர்களுக்கும் வருவார்களாயின் அப்பயன் ஊர்தோறும் பரவும்.

காணச் செல்வோர்க்கு

விளவங்கோடு, கல்குளம் பகுதியில் சிதறால், திருநந்திக்கரை, திருவட்டாறு, மாத்தூர் ஆகியவற்றை ஒரு நாளிலும், பத்மநாபபுரம், உதயகிரி, சுசீந்திரம், வட்டக்கோட்டை, குமரி ஆகியவற்றை மறுநாளிலும் காணலாம். திருவட்டாற்றில் 418 ஆண்டுகட்குப் பின் 2022ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடந்தது. மாத்தூர்த் தொட்டிப் பாலம் பழஞ்சின்னமன்று. எனினும் பறளியாற்றுக்கு மேல் நூறடிக்கும் மேற்பட்ட உயரத்தில் பாசன நீரைக் கொண்டுசெல்லும் அதனை உழவர் காணாது வருதல் கூடாது. இம்மாவட்டத்தில் இரு பருவமழையும் பெய்வதால் மழைக்காலத்தில் பாறைகள் வழுக்கும். காலை நேரமே மலையேற்றத்திற்கு ஏற்றது. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கோயில்கள் பலவற்றுள் ஆடவர் மேலாடை நீக்கிச் செல்லும் வழக்கமுண்டு. ஓவியத்தையும் சிற்பத்தையும் தொடாமலும், பெயர் கிறுக்காமலும், குழந்தைகளையும் அவ்வாறே பழக்கியும் காண்பதே சிறந்த காட்சி.

முஞ்சிறைச் சபையார் தம் நிலத்தை அளந்து, எல்லை கூறி, மாற்று நிலம் பெற்றே கொடுத்தனர். அவர்கள் யார் யார் என்பதை நாம் அறியோம்; அவர்கள் செய்த செயலை அறிவோம், அது எழுதப்பட்டுக் காக்கப்பட்டமையால். இன்றைய ஊராட்சியின் தீர்மானப் புத்தகமும் அத்தகைய ஓர் ஆவணமே. ‘இவ்வூர் எல்லையிலுள்ள பழஞ்சின்னங்களை இச்சபை கணக்கெடுத்துக் காக்கும்’ என்னும் ஒரு தீர்மானம் அடுத்த கிராம சபையில் அதில் ஏறுமாயின், நமக்குப் பின் வருவோர்க்கு நாம் செய்யும் கடமையில் ஒரு பகுதி நிறைவேறியதாகும்.