முதல் வாரமே ஒரு வழக்கு

தொடக்ககால அமெரிக்க இலக்கியத்தைக் கல்லூரியில் ஒரே பருவத்தில் நடத்தணும் என்றால், எல்லோரும் பிடிப்பது காலவரிசையைத்தான். ஜான் ஸ்மித், பிளிமத் குடியேற்றத்தை எழுதிய பிராட்ஃபோர்ட், பிரசங்கங்கள், கடைசியில் ஃபிராங்க்ளின். மூணாவது வாரமே பாதி வகுப்பு கொட்டாவி விடும். பசங்களைக் குறை சொல்ல முடியாது. யார் யாரோடு எதற்காக வாதாடினார்கள் என்றே தெரியாமல் படித்தால் எந்தப் பழைய நூலும் அப்படித்தான்.

என் யோசனை: முதல் வாரத்தை ஒரு வழக்கு மாதிரி நடத்துங்க. நாலே ஆவணம்.

ஒன்று, 1773-இல் லண்டனில் வெளியான ஃபில்லிஸ் வீட்லியின் கவிதைத் தொகுப்பு. சிறுமியாக ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டு, 1761-இல் பாஸ்டனில் விற்கப்பட்டவர். இவற்றை அவர்தான் எழுதினார் என்று, ஆளுநர் உட்பட 18 பிரமுகர்கள் பெயர் போட்டுத் தந்த சான்று நூலின் முன்பகுதியில் இருக்கும். கவிதைக்கு முன்னால் அதைப் படிக்கக் கொடுங்க.

இரண்டு, 1776-இன் சுதந்திரப் பிரகடனம். ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு பத்தி இருந்தது. காங்கிரஸ் அதை நீக்கிவிட்டது.

மூன்று, வர்ஜீனியாவைப் பற்றி அதே ஜெஃபர்சன் எழுதி 1785-இல் அச்சான நூல். வீட்லியின் கவிதைகள் விமர்சனத்துக்கே தகுதியற்றவை என்று அதில் ஒதுக்கிவிடுகிறார்.

நான்கு, 1791-இல் பெஞ்சமின் பன்னெக்கர் அவருக்கு எழுதிய கடிதம். அடிமையாக இல்லாத கறுப்பினத்தவர். தானே கணித்த பஞ்சாங்கத்தையும் சேர்த்து அனுப்பினார். பிரகடனத்தின் சொற்களையே எடுத்து, எழுதியவரிடமே நியாயம் கேட்கிறார். ஜெஃபர்சனிடமிருந்து மரியாதையான, சுருக்கமான பதில் வந்தது.

இப்போ வகுப்புக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது: யாருடைய சொல்லுக்குச் சாட்சி தேவை, யாருக்குத் தேவையில்லை? அந்தக் கேள்வியோடு பின்னால் போங்க. 17ஆம் நூற்றாண்டு மாசசூசெட்ஸில் தேவாலயச் சபையில் உறுப்பினராகச் சேரவே, தன் மனமாற்றத்தைச் சபை நம்பும்படி சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. இது தெரிந்தபின் பிரசங்கங்கள் தூக்க மாத்திரையாக இருக்காது.

"வரிசை போயிடுமே?" போகும். சில ஆசிரியர்களும் விடுபடுவார்கள். ஆனால் எட்வர்ட் டெய்லரைப் பாருங்க. அவர் இறந்தது 1729-இல். கையெழுத்துப் பிரதியாகக் கிடந்த கவிதைகள் வெளிச்சத்துக்கு வந்தது 1937-இல். அவரை 17ஆம் நூற்றாண்டு வாரத்தில் வைப்பது நாம் பிற்பாடு போட்ட வரிசைதானே?

முதல் கட்டுரைத் தலைப்பையும் சொல்லிவிடுகிறேன்: அந்த 18 பேரில் நீங்கள் ஒருவர். பெயர் போடுவதற்கு முன் வீட்லியிடம் என்ன கேட்பீர்கள்? அதைக் கேட்க உங்களுக்கு என்ன உரிமை?