உடம்பும் உத்தியோகமும் – 14: உடைந்த தட்டுகள்

இந்த வாரம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு நாளாக ஒரு வேலைக்காரப் பெண் மனசைவிட்டுப் போக மறுக்கிறாள். அவளை முதலில் சொல்லிவிட வேண்டும். எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நம் அரசு ஆவணங்களில் தண்டுவட மரப்பு நோய், நரம்பின் மேலுறையை எப்படி அரிக்கிறது, 20-லிருந்து 40 வயதுக்குள் ஏன் அதிகம் தலைகாட்டுகிறது என்பதெல்லாம் முந்தைய வாரங்களில் வந்துவிட்டது.

பாரிஸ், 19-ஆம் நூற்றாண்டு. வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒருத்திக்குக் கை நடுக்கம். எடுத்ததெல்லாம் கை தவறிப் போவதால் யாரும் வேலை கொடுப்பதில்லை. இளம் மருத்துவராக இருந்த ஷார்கோ அவளைப் பார்க்கிறார். அந்த நடுக்கம் அவருக்குப் புதிராக இருக்கிறது. தன் வீட்டிலேயே வேலைக்கு வைத்துக்கொள்கிறார். அவள் உடைத்த தட்டுகளுக்கு மட்டுமே வருடக்கணக்கில் ஒரு சின்னச் சொத்து கரைந்ததாம். அப்படியும் அனுப்பவில்லை. அவள் இறந்த பிறகு உடலை ஆராய்ந்து, அந்த நடுக்கத்துக்குக் காரணம் மூளையிலும் தண்டுவடத்திலும் திட்டுத் திட்டாக விழுந்த தழும்புதான் என்று நிறுவினார். 1893-ல் ஷார்கோ இறந்தபோது, அவரிடம் பாரிஸில் பயின்ற சிக்மண்ட் ஃப்ராய்ட் எழுதிய அஞ்சலிக் கட்டுரையில் இதைச் சொல்கிறார்.

தட்டு ஏன் உடைகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கின்சன் நடுக்கம், கை சும்மா மடியில் கிடக்கும்போது ஆடும். எம்.எஸ். நடுக்கம் அதற்கு நேர்மாறு. மடியில் இருக்கும் கை அசையாது. ஒரு தட்டை எடுத்து அலமாரியில் வைக்கக் கையை நீட்டினால் ஆடத் தொடங்கும். விளிம்பை நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். வைக்க ஒரு விரற்கடை இருக்கும்போதுதான் மிக மோசம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது; வேலை செய்யும்போதுதான் நோய் வெளியே வரும். இந்த இரண்டு நடுக்கங்களையும் பிரித்துக் காட்டியவரும் ஷார்கோதான். 1868-ல் எம்.எஸ்.ஸுக்குத் தனி நோயாக உருவம் கொடுத்தவரும் அவரே.

ஆராய்ச்சிக்காகத்தானே வைத்துக்கொண்டார் என்று கேட்பீர்கள். ஆமாம். ஃப்ராய்டின் கட்டுரையில் அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் ஊரே வேண்டாம் என்ற அதே கைக்கு ஒரு வீட்டில் மட்டும் கடைசிவரை வேலை இருந்திருக்கிறது. உடைகிற தட்டை அந்த வீடு செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டது. இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து நான் தேடுவது அந்தச் செலவுக் கணக்கைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், அரசு அலுவலகத்தில் உதவியாளர். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சித்திரை வெயிலில் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படியேறி வந்தால் பதிவேட்டில் இருக்கும் எழுத்தெல்லாம் தண்ணீருக்கடியில் கிடக்கிற மாதிரி கலங்குமாம். அரை மணி நேரம் ஃபேனுக்கடியில் உட்கார்ந்தால் தெளியும். 1890-லேயே ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவைத்த சங்கதி இது. மேலுறை போன நரம்பில், உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே செய்தி நின்றுவிடலாம். சூடு தணிந்தால் மறுபடி ஓடும். தலைமை எழுத்தருக்கு இது எப்படித் தெரியும்? “காலையில நல்லாத்தானம்மா இருந்தே?” என்றாராம். “நல்லாத்தான் இருந்தேன் அண்ணே, அதை எப்படி இல்லேன்னு சொல்வேன்?” என்று என்னிடம் கேட்டாள்.

பிறகு வந்த கண்காணிப்பாளர் அவளைக் கீழே தபால் பிரிவுக்கு மாற்றினார். கண் வேலையெல்லாம் பதினோரு மணிக்குள், பிற்பகலில் உறைகளைப் பிரித்து அடுக்குவது. கழுத்தில் ஈரத் துண்டு போட்டுக்கொள்ள யாரும் இப்போது கேள்வி கேட்பதில்லை. ஆறு வருடம் ஆகிறது, இன்னும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறாள். அந்த மனிதர் சட்டப் புத்தகத்தைப் பார்த்து இதைச் செய்யவில்லை. பார்த்திருந்தாலும் அதில் இதுதான் இருந்திருக்கும்.

2016-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 20, உட்பிரிவு 4. அரசுப் பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. அந்த வேலையைச் செய்ய இயலாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில், அதே சலுகைகளோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடமும் இல்லையென்றால், உரிய இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் உண்டாக்கி வைத்துக்கொள்ளலாம். 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டப் பட்டியலில் எம்.எஸ். பெயரே கிடையாது, புதிய சட்டம் 21 வகைகளில் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. தனியார் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த உட்பிரிவு கைகொடுக்காது. அவர்களுக்கு 21-வது பிரிவு இருக்கிறது: ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட்டாக வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று நாளைக்கே மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு சான்றிதழ் வேண்டும். இடம் போய்விட்டது, சான்றிதழ் அடுத்த வாரம். எம்.எஸ்.ஸை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கர்ட்ஸ்கே அளவுகோல் சுழியத்திலிருந்து 10 வரை போகும். பாதி வழியைத் தாண்டுமுன்பே அது எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதைத்தான் பெரிதும் பார்க்கத் தொடங்குகிறது. தபால் பிரிவுப் பெண் நன்றாக நடப்பாள். மதியம் இரண்டு மணிக்கு அவளால் படிக்க முடியாது.