தற்காப்பு உரிமை (இந்தியச் சட்டம்)

தற்காப்பு உரிமை என்பது, குற்றச் செயல் ஒன்றிலிருந்து தம்முடைய அல்லது பிறருடைய உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ளத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்த ஒருவருக்குச் சட்டம் தரும் உரிமையாகும். இந்தியத் தண்டனைச் சட்டம், 1860 இல் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இவ்வுரிமை கூறப்பட்டிருந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இது இடம்பெறுகிறது.

வரம்புகள்

தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமான தீங்கு விளைவிக்கக் கூடாது. காவல்துறை போன்ற அரசு அமைப்பின் உதவியை நாட நேரம் இருக்குமானால் இவ்வுரிமை இல்லை (பிரிவு 37).

ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் எழும்போது உடலைக் காக்கும் உரிமை தொடங்குகிறது. அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் நீங்கியதும் உரிமையும் முடிந்துவிடுகிறது (பிரிவு 40). எடுத்துக்காட்டாக, கத்தியுடன் பாய்பவரைக் கட்டையால் அடித்துத் தடுப்பது தற்காப்பு. அவர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடும்போது துரத்திச் சென்று அடிப்பது தற்காப்பு அன்று. அது தண்டனைக்குரிய குற்றம்.

உயிரிழப்பு விளைவிக்கும் அளவுக்கு

கொலை, கொடுங்காயம், வன்புணர்வு, ஆள்கடத்தல், அமில வீச்சு போன்ற தாக்குதல்களின்போது மட்டுமே, தாக்குபவருக்கு மரணம் நேரும் அளவுக்கும் இவ்வுரிமை நீள்கிறது (பிரிவு 38). அமில வீச்சு 2013 இல் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. உடைமையைப் பொறுத்தவரை கொள்ளை, இரவில் வீடு உடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீயிடல் போன்றவற்றுக்கு இது பொருந்தும் (பிரிவு 41). உயிருக்கு அச்சம் தராத சாதாரணத் திருட்டைத் தடுக்க ஒருவரைக் கொல்ல முடியாது.

நீதிமன்றப் பார்வை

தர்சன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் (2010) வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமை பற்றிய பத்துக் கோட்பாடுகளைத் தொகுத்துரைத்தது. ஆபத்தின் பதற்றத்தில் இருப்பவர் தம் அடியைத் துல்லியமாக அளந்து அடிப்பார் என எதிர்பார்க்க இயலாது என்பதை அது ஏற்றது. தற்காப்பு என வாதிடுபவர் அதனை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அவ்வாறு நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் எனக் காட்டினால் போதும்.

நல்லெண்ணத்துடன் செயல்பட்டு, தேவைக்கு மேல் தீங்கு செய்யும் நோக்கமின்றி வரம்பை மீறி மரணம் விளைவித்தவரின் செயல் கொலையாகக் கருதப்படாது. எனினும் அது மரணம் விளைவித்த குற்றமாகவே கொள்ளப்பட்டுத் தண்டனை உண்டு. பழிவாங்கும் நோக்கில் செய்த செயலுக்கு இச்சலுகை இல்லை.