ஓட்டமும் இளைப்பும்

கல்லூரி மெய்வல்லுநர் போட்டியை மைதானத்தின் ஓரத்தில் நின்று கண்டோர் யாவரும் ஒரு காட்சியைக் கவனித்திருப்பர். நூறு மீற்றர் ஓடும் மாணவன், ஓடும்பொழுது மூச்சைப் பற்றி எண்ணுவதே இல்லை. பத்துப் பன்னிரண்டு செக்கனில் ஓட்டம் முடிந்துவிடுகின்றது. முடிந்த பின்னரே அவன் முழங்கால்களிற் கைகளை ஊன்றிக் குனிந்து நின்று, பல நிமிடங்கள் இளைக்கின்றான். வேலை செய்தபொழுது தேடப்படாத காற்று, வேலை ஓய்ந்த பின் ஏன் தேடப்படுகின்றது? சிறிதெனத் தோன்றும் இவ்வினாவை விடாது பற்றிச் செல்வோமாயின், நம் உடம்பு சத்தியை எங்ஙனம் பெறுகின்றது, எங்ஙனம் செலவிடுகின்றது என்னும் பெரும்பொருள் நமக்கு விளங்கும்.

விளக்கும் உயிரும்

உயிருள்ள உடம்பு மெல்ல எரியும் விளக்கை ஒத்தது என்னும் உண்மையை அளவையினால் முதலில் நிறுவியவர் பிரான்சு தேசத்து அறிஞர் லாவோசியர் ஆவர். 1780களில் அவர் லப்பிளாசு என்னும் கணித அறிஞருடன் கூடி, கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தினுள் வைத்து, அதன் உடற்சூட்டினால் உருகிய பனிக்கட்டியின் அளவையும் அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டின் அளவையும் நிறுத்துப் பார்த்தார். கரி எரியும்பொழுது உண்டாகும் மாற்றத்தோடு அதனை ஒப்பிட்டு, சுவாசமும் ஒருவகை எரிதலே எனத் துணிந்தார். பின்னர், வேலை செய்யும் மனிதன் ஓய்ந்திருப்பவனிலும் மிகுதியான ஒட்சிசனைக் கொள்கின்றான் என்பதையும் காட்டினார். 1794ஆம் ஆண்டிற் புரட்சியாளர் அவரைக் கொலைத்தண்டனைக்கு உட்படுத்தியமையால் அவர் ஆராய்ச்சி இடையில் நின்றது.

எனினும், இவ்வுவமை ஓரளவிற்கே செல்லும். விளக்கு எரிந்தால் வெப்பமும் ஒளியுமே கிடைக்கும். தசையோ இழுக்கின்றது, தள்ளுகின்றது, தூக்குகின்றது. புகையிரத இயந்திரம்போல வெப்பத்தைக் கொண்டு வேலை செய்யும் அமைப்பு தசையிடத்து இல்லை. ஆதலின் உணவு எரிவதற்கும் தசை இழுப்பதற்கும் இடையே, சத்தியை ஏந்திச் சென்று கொடுக்கும் ஒரு பொருள் இருத்தல் வேண்டும்.

இலையிலிட்ட சோறு

அப்பொருளே அதனோசின் முப்பொசுபேற்று என்பது. சுருக்கமாக ஏ.ரீ.பீ. என வழங்குவர். இது 1929ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. தசையினுள் அக்தின், மயோசின் என்னும் இருவகைப் புரத இழைகள் ஒன்றோடொன்று இடைமிடைந்து கிடக்கின்றன. தசை சுருங்கும்பொழுது இவ்விழைகள் குறுகுவதில்லை. ஒன்றன்மீதொன்று வழுக்கிச் செல்கின்றன. இவ்வுண்மையை ஹக்சிலி என்னும் ஒரே குடிப்பெயர் கொண்ட இருவர், தனித்தனியே தத்தம் துணைவருடன் ஆராய்ந்து, 1954ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரே விஞ்ஞான ஏட்டில் ஒரே நாளில் வெளியிட்டனர். மயோசின் இழையிலுள்ள நுண்ணிய தலைகள் அக்தின் இழையைப் பற்றி இழுக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் ஏ.ரீ.பீ. மூலக்கூறு செலவாகின்றது.

இதில் வியப்பு யாதெனின், இத்துணை இன்றியமையாத பொருளை உடம்பு மிகச் சிறிதளவே வைத்திருக்கின்றது. வளர்ந்த ஒருவரின் உடம்பு முழுவதிலும் ஒரு நேரத்தில் உள்ள ஏ.ரீ.பீ. ஏறக்குறைய 100 கிராமைத் தாண்டாது. ஆனால் ஒரு நாளில் உடைக்கப்பட்டு மீண்டும் கட்டப்படுவதோ பல பத்துக் கிலோகிராம் ஆகும். முழு வேகத்தில் ஓடுபவனின் தசையிலுள்ள இருப்பு இரண்டு மூன்று செக்கனுக்கே போதும். ஆகவே செலவாகும் கணமே அது புதுப்பிக்கப்படல் வேண்டும்.

நம் வீடுகளின் வழக்கத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். ஏ.ரீ.பீ. இலையில் இட்ட சோறு. உண்பதற்கு அதுவே உதவும். அது குறையக் குறைய நிரப்புதற்குப் பானையில் எஞ்சிய சோறு உண்டு. பெட்டியில் அரிசி உண்டு. களஞ்சியத்தில் நெல்லும் உண்டு. இவற்றை முறையே நோக்குவாம்.

இலையை நிரப்பும் வழிகள்

பானைச் சோற்றை ஒத்தது கிரியேற்றின் பொசுபேற்று என்னும் பொருள். இதனை 1927ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தசையினின்று கண்டறிந்த இருவருள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஒட்சிசனை வேண்டாது, உடைந்த ஏ.ரீ.பீ.யைக் கணத்தில் மீளக் கட்டுவது இதன் இயல்பு. ஆயின் முழு முயற்சியில் ஏறக்குறைய பத்துச் செக்கனுக்குள் இது பெரிதும் தீர்ந்துவிடும். 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்குப் பொற்பதக்கம் ஈட்டினார். ஓடிவந்து காலூன்றி எழும்பும் அச்சில செக்கன்களின் ஆற்றலெல்லாம் பெரும்பாலும் இவ்வழியிற் பிறந்ததே.

அரிசியை ஒத்தது கிளைக்கோசன். நாம் உண்ணும் மாப்பொருள் குளுக்கோசாக மாறி, தசையிலும் ஈரலிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படுகின்றது. தசை இதனை ஒட்சிசன் இன்றியே பிளந்து ஏ.ரீ.பீ. பெறவல்லது. இங்ஙனம் பிளக்கும் வேலை விரைவானது, எனினும் சிக்கனமற்றது. ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து இரண்டு ஏ.ரீ.பீ. மட்டுமே மிஞ்சும். இறுதியில் இலத்திக்கமிலம் தோன்றும். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்குப் போட்டியில் டங்கன் வைட் 400 மீற்றர் தடை தாண்டலை 51.8 செக்கனில் ஓடி இலங்கைக்கு வெள்ளிப்பதக்கம் பெற்றார். இத்தகைய ஓட்டத்திற்கு வேண்டிய சத்தியிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஒட்சிசனின் உதவியின்றியே பெறப்படுகின்றது.

மூன்றாவது வழியே லாவோசியர் கண்ட எரிதல். தசைக் கலங்களினுள் இழைமணிகள் எனப்படும் நுண்ணுறுப்புக்கள் உள. அவை குளுக்கோசின் மிச்சத்தையும் கொழுப்பையும் ஒட்சிசனுடன் படிப்படியாகச் சேர்த்துக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றுகின்றன. இப்பொழுது அதே ஒரு குளுக்கோசு மூலக்கூறு ஏறக்குறைய முப்பது ஏ.ரீ.பீ. தருகின்றது. ஆனால் காற்றிலுள்ள ஒட்சிசன் சுவாசப்பையை அடைந்து, குருதியிற் கலந்து, இதயத்தால் உந்தப்பட்டுத் தசையைச் சேர்தல் வேண்டும். இந்நெடும்பயணம் முழு அளவை எட்டுதற்கு இரண்டு மூன்று நிமிடம் செல்லும்.

இவ்வழிகள் ஒன்று மூடியபின் ஒன்று திறப்பன அல்ல. ஓட்டம் தொடங்கும்பொழுதே எல்லாம் ஒருங்கே தொழிற்படத் தொடங்குகின்றன; காலம் செல்லச் செல்ல அவற்றின் பங்குகளே மாறுகின்றன.

சத்தி வேறு, வலு வேறு

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். செய்யத்தக்க வேலையின் மொத்தம் சத்தி; அதனைச் செய்யும் வேகம் வலு. ஓடுபவன் தளர்வது பெரும்பாலும் சத்தி தீர்ந்தமையால் அன்று. வேண்டிய வேகத்தில் அது கிட்டாமையினாலேயே.

கணக்கிட்டுப் பார்ப்போம். உடம்பிலுள்ள கிளைக்கோசன் ஏறக்குறைய 500 கிராம். கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம் 2,000 கிலோகலோரி ஆகும். மெலிந்தவரிடத்தும் சில கிலோகிராம் கொழுப்பு உண்டு. 10 கிலோகிராம் எனக் கொண்டாலும், கிராமுக்கு 9 வீதம் 90,000 கிலோகலோரி ஆகின்றது. ஒரு கிலோமீற்றர் ஓட, உடம்பின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். எனவே 60 கிலோகிராம் நிறையுடையவர் 42 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட மரதன் ஓட்டத்தை ஓடச் சுமார் 2,500 கிலோகலோரி வேண்டும். அவர் கொழுப்பை மட்டும் நோக்கின், முப்பதுக்கு மேற்பட்ட மரதன் ஓட்டங்களுக்குப் போதும். ஆயினும் முப்பது கிலோமீற்றரைக் கடந்ததும் பலர் காலெடுத்து வைக்க மாட்டாது தளர்கின்றனர். ஏன்? அரிசி தீர்ந்தது. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும், பந்தியில் அமர்ந்தோர்க்கு உடனே சோறிடல் இயலாது. நெல்லைக் குற்றி அரிசியாக்கிச் சமைக்கும் வேகத்திற்குமேற் பந்தி நடவாது. கொழுப்பு தரும் சத்தி பெரிது, வலு சிறிது.

கடனும் அதன் தீர்வும்

இனி முதல் வினாவிற்கு விடை கூறலாம். நூறு மீற்றர் ஓடியவன் வேலையைக் கடனாகச் செய்தான். 1920களில் இங்கிலாந்தின் ஹில் என்னும் அறிஞர் இதற்கு ஒட்சிசன் கடன் என்றே பெயரிட்டார். தசை பற்றிய ஆராய்ச்சிக்காக அவரும் ஜேர்மானியரான மெயர்ஹொவும் 1922ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஓட்டத்தின்போது வெறுமையான பானையை நிரப்புதற்கும், குருதியிலும் தசையிலும் குறைந்த ஒட்சிசனை ஈடுசெய்தற்குமே ஓடியவன் இளைக்கின்றான். கடன் முழுவதும் இலத்திக்கமிலத்திற்கே செலுத்தப்படுகின்றது என ஹில் கருதினார். ஏறிய உடற்சூடும், வேகமாகத் துடிக்கும் இதயமும், ஓமோன்களின் தூண்டுதலும் அந்த இளைப்பிற்குக் காரணமாதலை இன்று அறிவோம்.

கடனை இறுதிவரை அளந்து செலவிட்ட ஓட்டம் ஒன்று வரலாற்றில் உண்டு. 1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி ஒக்ஸ்போட் நகரில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலாகக் கடந்தார். அவர் மருத்துவ மாணவர். சுழலும் பட்டைமீது ஓடுவோரின் சுவாசத்தைத் தாமே ஆராய்ந்தவர். நண்பர் இருவர் ஒருவர்பின் ஒருவராக முன்னோடி வேகத்தைச் சீராகக் காத்தனர். சீரான வேகத்திற் செல்வோன் கடனை முன்னதாகவே செலவிட்டுவிடுவதில்லை. மைல் ஓட்டத்திற் சத்தியின் பெரும்பகுதி ஒட்சிசனால் உடனுக்குடன் வருவது. எஞ்சிய சிறுபகுதியே கடன். அதனை முழுதும் செலவிட்ட பானிஸ்டர், கோட்டைக் கடந்ததும் பிறர் கைகளிற் சாய்ந்தார்.

இலத்திக்கமிலத்தின்மீது சுமத்தப்பட்ட பழி

இலத்திக்கமிலம் களைப்பைத் தரும் நஞ்சு எனப் பலகாலம் கருதப்பட்டது. இன்றும் பலர் அங்ஙனமே கூறுவர். 1930ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு லுண்ட்ஸ்கார்ட், இலத்திக்கமிலம் தோன்றாதவாறு மருந்தூட்டிய தசையும் சிறிது நேரம் சுருங்குவதைக் காட்டினார். அதனாற் சுருக்கத்திற்கு அது காரணமன்று என்பது தெளிந்தது. பின்வந்தோர் அது கழிவும் அன்று எனக் கண்டனர். தசை வெளிவிடும் அதனை இதயமே எரிபொருளாகக் கொள்கின்றது. ஈரல் அதனை மீண்டும் குளுக்கோசாக்குகின்றது. கடும் ஓட்டத்தாற் குருதியிற் கூடிய இலத்திக்கமிலம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் முன்னைய நிலைக்கு இறங்கிவிடும். உடனே அமராது மெல்ல நடந்தால் இன்னும் விரைவில் இறங்கும். ஆகவே மறுநாட் காலில் எழும் நோவு அதனால் வருவதன்று. பழகாத வேலையாற் தசை இழைகளில் உண்டான நுண்ணிய ஊறுகளால் வருவது. சில நாட்களில் அவை ஆறித் தசை முன்னிலும் உறுதி பெறும். முதல்நாள் நோவைக் கண்டு பயிற்சியைக் கைவிடும் மாணவர் இதனை அறிதல் நன்று.

வெப்பமும் வியர்வையும்

எரிந்த உணவின் சத்தியில் நான்கில் ஒரு பங்கே, சிலவேளை ஐந்தில் ஒரு பங்கே, அசைவாக மாறும். எஞ்சியது வெப்பம். ஒரு இலீற்றர் வியர்வை ஆவியாகும்பொழுது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு செல்லும். ஆனால் நிலத்திற் சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, ஆவியாவதே குளிர்விக்கும். ஈரக்காற்று மிகுந்த கடலோரங்களில் நண்பகலில் ஓடுவோர் ஆபத்திற்குட்படுவது இதனாலாகும். காலையும் மாலையும் ஓடுக, நீர் அருந்துக என்னும் அறிவுரையின் காரணமும் இதுவே.

பயிற்சியின் பயன்

ஓய்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 இலீற்றர் குருதியை உந்துகின்றது. கடும் முயற்சியில் 20 இலீற்றருக்கு மேலும் உந்தவல்லது. இவ்வெல்லை பிறப்போடு முற்றும் வரையறுக்கப்பட்டதன்று. பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியை உந்தப் பழகுகின்றது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஹொலோசி, நாள்தோறும் ஓடப் பழக்கிய எலிகளின் தசைகளில் ஒட்சிசனைப் பயன்படுத்தும் நொதியங்கள் ஏறக்குறைய இருமடங்காயினமை காட்டினார். நெற்குற்றும் கைகள் பெருகின. நெல்லும் விரைவிற் சோறாகும். அரிசியும் நெடுநேரம் நிற்கும். பயிற்சியை விட்டால், சில கிழமைகளிலேயே இப்பேறு குறையத் தொடங்கும்.

இதன் பயன் ஓட்டக்காரருக்கு மட்டும் உரியதன்று. குருதியிலுள்ள குளுக்கோசைத் தசையினுட் செலுத்த இன்சுலின் வேண்டும். ஆனால் வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பாராமலும் அதனை உள்வாங்கும் வழியுடையது. நம் இல்லங்களில் நீரிழிவுடையார் பலர் உளர். அவர்களை நடக்குமாறு மருத்துவர் பணிப்பது வெறும் பொழுதுபோக்கிற்கன்று; நடக்கும் கால்களே ஒரு மருந்து என்பதனாலாகும்.

“எனக்கு ஓட வராது, ஐந்து நிமிடத்தில் இளைத்துவிடும்” எனக் கூறிப் புத்தகத்தோடு ஒதுங்கும் மாணவர் எக்கல்லூரியிலும் உளர். இளைப்பு இயலாமையின் அடையாளமன்று. கடனை நாணயமாகத் தீர்க்கும் உடம்பின் செயலே அது. நாளும் சிறிது கடன்பட்டு அதனைத் தீர்த்துப் பழகும் உடம்பு, நாளடைவில் மிகுதியான வேலையைக் கடனின்றியே செய்யவல்லதாகும். அதற்கு வேண்டுவன மைதானமும், மாலையில் அரை மணித்தியாலமும், முதற்கிழமை நோவைப் பொறுக்கும் உறுதியுமே.