பைபர் படகில் வேண்டாத துளையை அடைத்தல்

கட்டுமரத்தில் ஓட்டை என்னும் பேச்சுக்கே இடமில்லை. கயிற்றால் பிணைத்த கட்டைகளின் இடுக்குகளில் நீர் ஏறும், இறங்கும்; மரம் மிதந்துகொண்டேயிருக்கும். கண்ணாடியிழைப் படகு அத்தகையதன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிவாரணமாக வந்தவற்றுள் இவ்வகைப் படகுகள் மிகுதி. இன்று அடையாற்று முகத்துவாரத்தை அடுத்த ஊரூர் குப்பத்திலும், மயிலாப்பூர்ப் பக்கம் நொச்சிக்குப்பத்திலும் மணலில் வரிசையாக ஏற்றி வைத்திருப்பவை பைபர் படகுகளே. உள்நாட்டு நீர்த்தேக்கங்களில் பைபர் பரிசலை உபயோகிக்கும் கிராமத்தாருக்கும் இவ்விஷயம் பயன்படும்.

இயந்திரத்தை மாற்றும்போது பழைய தாங்கியின் போல்டுகளைக் கழற்றிவிடுகிறோம், துளைகள் நின்றுவிடுகின்றன. நாம் பார்த்த ஒரு படகின் அமரத்தில் அத்தகைய துளையொன்றை மரமுளை அடித்து, மேலே எம்-சீல் பூசியிருந்தனர். அடைப்பு உறுதியாகத்தான் தோன்றிற்று. கரையில் எல்லா அடைப்பும் உறுதியாகவே தோன்றும். ஆனால் மரம் நீரில் உப்பும், வெயிலில் சுருங்கும். நாளடைவில் முளை கழன்றுவிடும். நீர்மட்டத்திற்கு 30 செ.மீ. கீழே உள்ள 12 மி.மீ. துளை ஒன்றே நிமிடத்திற்குச் சுமார் 10 லிட்டர் நீரை உள்ளே விடும். வலை இழுக்கும் மும்முரத்தில் ஒரு மணி நேரம் கவனியாதிருந்தால், 600 லிட்டர் சேர்ந்துவிடும்.

ஏரிக்கரை உடைப்பை அடைக்கும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நன்கறிவர். உடைந்த இடத்தில் மண்ணைக் கொட்டினால் நில்லாது. இருபுறமும் பழைய கரையைப் படிப்படியாக வெட்டி, புது மண்ணை அதனுடன் பிணைத்தல் வேண்டும். படகிற்கும் அதுவே விதி. துளையைச் சுற்றி, படகுச் சுவரின் கனத்தைப்போல் 12 மடங்கு தூரத்திற்குச் சரிவாகத் தேய்த்தல் வேண்டும். சுவர் 6 மி.மீ. கனமாயின் ஒவ்வொரு பக்கமும் 72 மி.மீ. ஆகவே, சுண்டுவிரல் நுழையும் துளைக்கு ஏறக்குறைய அரை அடி அகல ஒட்டு தேவைப்படும். நல்ல படகை வீணாகத் தேய்ப்பதாகப் பலர் தயங்குவர். தயங்கலாகாது, ஒட்டின் பலம் துளையிலன்று, இச்சரிவில்தான் இருக்கிறது.

தேய்க்குமுன் நல்ல நீரால் உப்பைக் கழுவி, சில நாட்கள் நிழலில் உலர்த்துக. தேய்க்கும்போது மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளல் அவசியம். பின்னர் அசிடோன் தோய்த்த துணியால் துடைத்து, உட்புறம் பாலித்தீன் சுற்றிய பலகையொன்றை அழுத்திக் கட்டுக.

450 கிராம் கண்ணாடியிழைப் பாய் ஓரடுக்கு சுமார் 1 மி.மீ. கனம் தரும், ஆகவே 6 மி.மீ. சுவருக்கு ஆறு துண்டுகள். பெரிய துண்டை முதலில் இட்டால் பழைய சுவரை முழுதும் பற்றும். சிறியவை அதன்மேல் வருக. ஒரே மூச்சில் ஆறையும் இட்டால் ரெசின் சூடேறி வெடிப்புக் காணும், இரண்டிரண்டாக இடுக. சென்னைக் கோடையில் அதிகாலையே இவ்வேலைக்கு உகந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை. கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்கு கலக்கிய பின்னரே, நூற்றுக்கு ஒன்று வீதம் கேட்டலிஸ்ட் சேர்த்தல் வேண்டும். இவ்விரண்டையும் நேராகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே கால் மணி நேரம் நீரால் கழுவி, மருத்துவமனைக்குச் செல்க. குழந்தைகள் எடுக்கும் இடத்தில் இவற்றை வைத்தல் ஆகாது. உள்ளே தெர்மக்கோல் வைத்த படகாயின், பாலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க.

ஒட்டு இறுகியபின் பலகையை நீக்கி, உட்புறத்தையும் தேய்த்து இரண்டு அடுக்கு இடுக. மணலில் இழுக்கும் படகாதலின் வெளிப்புறம் மேடின்றிச் சமமாக இருத்தல் வேண்டும். மேடு இருந்தால் மணல் அதனையே முதலில் அரிக்கும். இறுதியாக ஜெல்கோட் பூசி, நன்கு இறுகும்வரை விட்டுவைக்க. முதன்முறை கரையோரமாகவே செலுத்தி, ஒட்டின் உட்புறத்தைக் கையால் தடவி, ஈரமில்லை என்று கண்டபின்னரே ஆழத்திற்குச் செல்க.