பால் வெட்டியது நாம், விற்றது யார்?

சென்னையில் மலேசிய அலுவலகம் என்றதும் நம்மில் பலருக்கு விசாவும் தொலைந்துபோன கடப்பிதழும்தான் நினைவுக்கு வரும். நம் நாட்டுப் பொருளுக்கு வாங்குபவரைத் தேடித் தரும் அலுவலகமும் அங்கே உண்டு என்று ஒருமுறை வானொலியில் சொன்னேன். “அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே தம்பி?” என்று கேட்டார் ஈப்போவிலிருந்து அழைத்த ஓர் அம்மா.

அந்த அலுவலகம் மெட்ரேட் அமைப்புடையது. வெளிநாட்டு வர்த்தகத்தை வளர்ப்பதற்கென்றே 1993 மார்ச் 1-ஆம் தேதி அரசாங்கம் தொடங்கியது. ஜப்பான் 1958-லேயே ஜெட்ரோவை அமைத்துவிட்டது. ஹாங்காங் 1966-இல் தன் வர்த்தக மேம்பாட்டு மன்றத்தை நிறுவியது. விற்றுப் பிழைக்கும் நாடு, வாங்குபவன் வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாதல்லவா?

தமிழ்நாட்டில் மலாயா அலுவலகம் வைத்தது இது முதல் முறையும் அல்ல. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை இங்கே உருவாக்கினார்கள். தோட்ட முதலாளிகள் அதற்குப் பணம் கட்டினார்கள். ஆள் சேர்ப்பதும் கப்பல் கட்டணமும் அந்தப் பணத்தில் நடந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் முகாம்கள் இருந்தன. சென்னையில் இதற்கென மலாயாவின் ஆணையர் ஒருவரும் இருந்தார். 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை அந்த அலுவலகம் திரட்டியது நம் பாட்டன் பாட்டியின் உழைப்பைத்தான்.

சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் அவர்கள் வெட்டிய பால் எந்த ஊர்ச் சந்தைக்குப் போனது, யார் விலை பேசினார்கள் என்பது லயத்து வீடுகளுக்கு எட்டாத சங்கதி. செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்தபோது, நம் ரப்பரைத் தரம் பிரித்து உறுதியளித்து விற்க 1965-இல் எஸ்.எம்.ஆர். என்ற தர முறை கொண்டுவரப்பட்டது. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபர்ட் அருகே மலேசிய ரப்பர் வாரியத்துக்கு இன்றும் ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. கடல் கடந்து இவ்வளவு ஏற்பாடு நடந்தது. அதில் விற்கும் பக்கத்து நாற்காலியில் தோட்டத்துப் பிள்ளைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஈப்போவில் நம்மவரிடம் விற்க எதுவும் இல்லையா என்ன? புந்தோங் கச்சாங் பூத்தேயைத் தெரியாதவர் யார்!

அந்த முறுக்கைச் சென்னைக்கே அனுப்பினால் ‘திருநெல்வேலிக்கே அல்வாவா’ என்பார்கள். ஆனால் மெட்ரேட்டுக்குத் துபாயிலும் லண்டனிலும் மெல்பர்னிலும்கூட அலுவலகம் இருக்கிறது. எந்த இறக்குமதியாளர் என்ன தேடுகிறார், அந்த ஊர்ச் சட்டம் என்ன கேட்கிறது என்று அங்கிருந்து விசாரித்துச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் நிலக்கடலை, எள், கோதுமை சேர்ந்திருந்தால் ஒவ்வாமைப் பொருளாக பாக்கெட்டில் அச்சிட்டே ஆக வேண்டும். இது தெரியாமல் சரக்கை ஏற்றினால் நட்டம் நமக்கு. விமானம் ஏற முடியாதவர்களுக்கும் வழி உண்டு: 2004 முதல் கோலாலம்பூரில் நடக்கும் மிஹாஸ் ஹலால் கண்காட்சிக்கு வெளிநாட்டு வாங்குநர்களை அழைத்து வந்து, உள்ளூர்க்காரர்களோடு உட்கார வைக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போக சந்தை மேம்பாட்டு மானியமும் இருக்கிறது. நம் சிறு வியாபாரிகள் தடுக்கி விழும் இடம் இதுதான். மானியம் முன்பணமாக வராது. செலவழித்துவிட்டு ரசீது காட்டித்தான் திரும்பப் பெற வேண்டும். உற்பத்தியாளருக்குப் பொதுவாக ‘எண்டர்பிரைஸ்’ பதிவு போதாது, ‘செண்டிரியான் பெர்ஹாட்’ ஆக இருக்க வேண்டும். அப்பா நாற்பது வருடம் கைக்கணக்கில் நடத்திய தொழில் இங்கேதான் நின்றுவிடுகிறது. கணக்கியலும் சட்டமும் படித்த பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கிறார்களே, வார இறுதியில் அந்தக் கணக்கை எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, அந்த அலுவலகம் நமக்காக விற்றுத் தராது. கதவைத் திறந்துவிடும், பேச வேண்டியது நாம்தான்.

மெட்ரேட்டின் வட மண்டல அலுவலகம் பினாங்கில் இருக்கிறது. போகும்போது பொருள் மாதிரியோடு, ஹலால் சான்றிதழ் இருந்தால் அதையும், அமெரிக்க டாலரில் எழுதிய விலைப்பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். மாதம் எத்தனை பெட்டி தவறாமல் தர முடியும், எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் இறக்குமதியாளரும் ருசி பார்த்த கையோடு கேட்கப்போவது அதைத்தான்.